சின்னம்மை பார்த்த கோர்ட்டுப் படம்

சின்னம்மை கையைத் தூக்கிவிட்டாளானால் அப்புறம் அந்த டீவி ரூமில் ஒரு சத்தம் வரக் கூடாது. முறுக்குக் கடிக்கிறவன் கடித்ததை வாயிலேயே ஊறவைத்துக்கொள்ள வேண்டும். இருமல் வந்தவர்கள் வெளியே போய் மழையில் நின்று இருமிவிட்டு வர வேண்டும். பெட்டிக்குள்ளே கிழட்டு வக்கீல் கண்ணாடியைக் கழற்றிக் கறுப்பு அங்கியில் துடைக்கிறார். கொழுந்துக் கறை ஏறிய, விரல் நுனியெல்லாம் வெடித்த சின்னம்மையின் கை அந்தரத்தில் நிற்கிறது. "இப்பப் பாரு" என்று உதடு மட்டும் அசைகிறது. வக்கீல் கோர்ட்டின் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார். படம் ஒரு வெட்டு வெட்டிக் குதிக்கிறது. அந்தப் பெஞ்சில் இருந்த கம்பவுண்டர் எழுந்து நிற்கிறான். "நான்தான். அவரில்லை, நான்தான்."

அப்போதுதான் கை இறங்கும். இறங்குகிற இடம் பக்கத்தில் இருப்பவன் தொடை. "ஒரு வார்த்த கேட்டாராடா? ஒரு வார்த்த? சும்மா பாத்தாரு. எந்திரிச்சுட்டான்ல!"

அது கறுப்பு வெள்ளைப் படம். பெயர் கேட்டால் "கோர்ட்டுப் படம்" என்பாள். வேறு பெயர் தெரிய வழியில்லை. நெல்லியாளத்துக்கு மேலே இருக்கிற அந்தத் தனியார் தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்த பாண்டியன், பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீவியில் ஓடியபோது கேசட்டில் பிடித்து வைத்தது. பெயரெல்லாம் போட்டு முடிந்த பிறகுதான் அவர் பொத்தானை அமுக்கினார். கோயமுத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போகும்போது, பழைய வீடியோ டெக்கையும் இந்தக் கேசட்டையும் லயத்து டீவி ரூமுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பொதுவான அறைக்கு, கொடுத்துவிட்டுப் போனார்.

பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தால் பரவாயில்லை. படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போது மலையில் கரண்டு போயிற்று. மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ கழித்து வந்தது. வந்ததும் பாண்டியன் மறுபடி அமுக்கினார். அந்த மூன்று நாலு நிமிஷம் விழுந்த இடம்தான் வக்கீல் கடைசி பெஞ்சைப் பார்க்கிற இடம். முழுப் படத்தில் அவர் சும்மா பார்க்கவில்லை. கம்பவுண்டரை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். அதில்தான் அவன் உடைகிறான். லயத்துக் கேசட்டில் அந்தக் கேள்வி இல்லை. பார்வை இருக்கிறது, எழுந்திருப்பது இருக்கிறது, நடுவில் ஒரு குதி. சின்னம்மைக்கு அது கோளாறாகவே தெரியவில்லை. பொய் சொல்கிறவன் மனசு அந்த நேரத்தில் அப்படித்தான் ஒரு வெட்டு வெட்டும், அதைத்தான் படம் எடுத்தவன் காட்டியிருக்கிறான் என்பது அவள் தீர்மானம்.

படிப்பில்லாதவள் என்று யாரும் அவளை எளிதாக நினைத்துவிட வேண்டாம். படம் பார்க்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். அவள் அந்த ஒருத்தி. பேசுகிறவர்களை அவள் பார்ப்பதே இல்லை, பேசாமல் இருப்பவர்களைத்தான் பார்ப்பாள். கொலைக்குற்றம் சாட்டப்பட்ட கடிகாரக்காரன் படம் முழுக்க வாய் திறப்பதில்லை. ஆனால் கூண்டின் கம்பி மேல் இருக்கிற அவன் விரல்கள், இல்லாத ஒரு சின்ன ஆணியைத் திருகிக்கொண்டே இருக்கும். அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது சின்னம்மை. ஜட்ஜு மேசையில் ஒரு தண்ணீர் டம்ளர் உண்டு. விசாரணை தொடங்கும்போது நிறைந்திருக்கும், தீர்ப்பின்போது காலியாக இருக்கும். ஜட்ஜு குடிப்பதைப் படத்தில் எங்கும் காட்டவில்லை. "அத வச்சே நாளு போறதக் காட்டிட்டான் பாத்தியா" என்பாள். பேர் கூப்பிடுகிற டவாலி மூன்று தடவை கூப்பிடுவான். முதல் தடவை வேலைக்காக, இரண்டாவது தடவை அதிகாரத்துக்காக. மூன்றாவது தடவை குரல் இறங்கிவிடும். "அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்ல" என்பாள் சின்னம்மை.

வக்கீலின் நீளமான பேச்சு வரும்போது மற்றவர்கள் கை தட்டுவார்கள். அவள் அந்த நேரம் பார்த்து வெற்றிலை மடிப்பாள். "பேசுறதெல்லாம் படத்துக்கு. பேசாததுதான் கோர்ட்டுக்கு."

ஐம்பத்திரண்டு வயது. கடல் தாண்டி இருக்கிற பொகவந்தலாவைப் பக்கத்து லயத்தில் பிறந்து, பெட்டி படுக்கையோடு கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து லாரியில் இந்த மலைக்கு வந்தவள். தேநீரை இன்னமும் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். முடியாது என்ற சொல் அவள் வாயில் வராது, "ஏலாது" என்பாள். புருஷன் மண்ணுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். மகள் விஜயா கீழே நூல் மில்லில் இருக்கிறாள். சின்னம்மை மட்டும் மூன்றாம் நம்பர் லயத்தின் கடைசி வீட்டில். குளித்தால் தலையை உலர்த்த வெயில் கிடையாது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புகையில் உலர்த்துவாள். அதனால் அவள் எங்கே வந்தாலும் விறகுப் புகை முந்தி வரும். ஆண்பிள்ளைகள் பீடியை அணைக்க அந்த வாசனை போதும்.

லயத்துப் பஞ்சாயத்துகளை அவள் நடத்திய விதமும் அந்தப் படத்திலிருந்து வந்ததுதான். யார் வீட்டில் எது காணாமல் போனாலும் சந்தேகப்பட்டவர்களை டீவி ரூமில் உட்கார வைப்பாள். எதிரே தானும் உட்காருவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். பார்ப்பாள். ஒரு தடவை பக்கத்து வீட்டுச் சேவல் காணாமல் போனபோது ஐந்து பேரை உட்கார வைத்தாள். வெற்றிலை ஒரு தரம் போட்டு மெல்லுகிற நேரம்தான் ஆகியிருக்கும். சுடலை எழுந்துவிட்டான்.

"அத்தே, அப்புடிப் பாக்காதீங்க. றெக்கையெல்லாம் லயத்துக்குப் பின்னாடி பொதச்சிருக்கேன். கொழம்பு கொஞ்சம் மிச்சமிருக்கு, வேணும்னா தந்துர்றேன்."

அன்றைக்கு வைத்த பெயர்தான் ஜட்ஜம்மா. கிண்டலாகத் தொடங்கியது, பிறகு மரியாதையாகிவிட்டது. தண்ணீர்க் குழாயை அறுத்தவன், பிள்ளைகளை விட்டுப்போகிற காம்பராவிலிருந்து பால்மாவு எடுத்தவள், எல்லாரும் அந்தப் பார்வைக்கு எழுந்தவர்கள்தான். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, விடிகாலையில் ஒரே பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்து, சாவுக்கும் சடங்குக்கும் ஒரே பாயில் உட்காருகிற சனம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? அதனால் எழுந்தார்கள். சின்னம்மையோ உலகமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

பிறகு தேயிலை விழுந்தது. முதல் வருஷம் ஏலத்தில் விலை இறங்கிவிட்டது என்றார்கள். இரண்டாவது வருஷம் வாங்கவே ஆளில்லை என்றார்கள். படுகர் ஊர்த் தோட்டக்காரர்கள் பறித்த இலையை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். எஸ்டேட்டில் வாரத்தில் மூன்று நாள் வேலை என்றானது. கவ்வாத்து வெட்டாத செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தேயிலையும் மரம்தான் என்று எல்லாருக்கும் காட்டின. யூனியன் தலைவர் அம்புரோஸ் மீட்டிங்குக்குப் போகிறேன் என்று சொல்லி ஒரு நாள் பஸ் ஏறினார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகப் பிறகுதான் தெரிந்தது. சேரங்கோட்டு அரசாங்கத் தோட்டத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கப் போனவர்கள் சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பினார்கள். லயத்தில் பூட்டுத் தொங்கும் கதவுகள் கூடிக்கொண்டே வந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஜெகதீசன் விஷயம் வந்தது.

ஜெகதீசனுக்கு முப்பத்தாறு வயது. ஃபேக்டரி மாடியில் இலை வாட்டுகிற வேலை. நீளத் தொட்டிகளில் பச்சை இலையைப் பரப்பி, அடியில் விசிறி ஓடவிட்டு, பதமாக வாடும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். கையில் பிடித்து முகர்ந்தே பதம் சொல்லுவான். இலை குறைவு என்பதால் அப்போதெல்லாம் இரண்டு நாள் இலையைச் சேர்த்துத்தான் அரைப்பார்கள். ஒரு சனிக்கிழமை, முழங்கால் உயரத்துக்கு இலை குவிந்திருந்தது. ஞாயிறு காலையில் மரம் விழுந்து கரண்டு போனது. எஞ்சின் ஷெட்டில் சகாயம் ஜெனரேட்டரைப் போட்டான். மத்தியானம், டீசல் செலவாகிறது, கொஞ்ச நேரம் நிறுத்து என்று ஃபேக்டரி ஆபீசரிடமிருந்து உத்தரவு. சகாயம் நிறுத்தினான். விசிறி நின்றதும் ஜெகதீசன் மாடியிலிருந்து ஓடி வந்தான். "எலை வெந்துரும்டா, போடுடா" என்று எஞ்சின் ஷெட்டில் நின்று சகாயத்தோடு மல்லுக்கட்டினான். ஆபீசர் சொல்லாமல் தொட மாட்டேன் என்றான் சகாயம். அந்தச் சண்டை முடிவதற்குள் இலை சூடேறிச் சிவந்து, அழுகிய கொய்யாப்பழ வாசனை அடிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு நாள் இலை குப்பைக்குப் போனது.

குற்றப்பத்திரிகை ஜெகதீசன் பேருக்கு வந்தது. வேலை நேரத்தில் வேலையிடத்தில் இல்லை, கவனக்குறைவால் நஷ்டம். எஸ்டேட் வழக்கப்படி ஆபீசிலேயே விசாரணை வைப்பார்கள். வெளியூர் வக்கீல் ஒருவர் விசாரணை அதிகாரியாக வருவார். தொழிலாளி தனக்குத் துணையாக இன்னொரு தொழிலாளியைக் கூட்டிவரலாம். குற்றம் நிரூபணமானால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். ஜெகதீசனும் பெண்டாட்டி வனிதாவும் அதே வீட்டில் பிறந்த இரண்டு பெண்பிள்ளைகளும் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

வனிதாதான் சின்னம்மை வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அத்தே, நீங்கதான் கூடப் போகணும். யூனியன்ல ஆளே இல்ல. உங்கள விட்டா யாரு இருக்கா?"

"நான் ஒரு எழுத்து அறியாதவ, புள்ள."

"எழுத்தா கேக்குறாங்க? நாயந்தானே. நீங்க பாத்தாலே போதும்."

சின்னம்மைக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அன்றே தீர்மானித்துவிட்டாள். உண்மை தெரிந்த ஆள் ஒரே ஆள், சகாயம். அவனைக் கம்பெனிக்காரர்களே சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். கேள்வி கேட்டால் அவனுக்குத் தப்பிக்க வழி காட்டின மாதிரி ஆகிவிடும். சும்மா பார்த்தால் எழுந்துவிடுவான். ஜெகதீசனுக்கும் சொல்லிவைத்தாள். "நீயும் வாயத் தொறக்காத. கடியாரக்காரன் தொறந்தானா? தப்பு பண்ணவந்தான் பேசணும்."

ஜெகதீசன் தலையைச் சொறிந்தான். "நடந்ததச் சொல்லிப்புட்டா என்ன, அத்தே?"

"நீ சொன்னா, தன்ன காப்பாத்திக்கச் சொல்றான்னு எழுதிக்குவான். அவன் சொல்லட்டும்."

விசாரணைக்கு முந்தின நாள் அவள் மண்ணெண்ணெய் வாங்க நஞ்சப்பன் கடைக்குப் போனாள். நஞ்சப்பன் அன்னூர்ப் பக்கத்திலிருந்து இளவட்டமாக மலையேறி வந்து கடை போட்டவர். வந்தவர்களிடம் வாய் கொடுக்காமல் சாமான் கொடுக்க மாட்டார்.

"ஏனுங் சின்னம்மை, நாளைக்கு நீங்கதான் வக்கீலுங்களாமா? ஊரே பேசிக்குதுங்க."

"வக்கீலு இல்லங்க. கூட உக்கார்ற ஆளு."

"அப்பக் கேள்வியெல்லாம் ரெடி பண்ணிப்போட்டீங்களா?"

"கேள்வியே கெடையாதுங்க. பாக்குறதுதான். கோர்ட்டுப் படத்துல மாதிரி."

எந்தப் படம் என்று விசாரித்தார். கடிகாரக்காரன், கிழட்டு வக்கீல் என்று அவள் சொல்லச் சொல்ல நஞ்சப்பன் முகம் மலர்ந்துவிட்டது. அளந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயைக் கீழே வைத்தார்.

"அட, அந்தப் படமுங்களா! நானு கோயமுத்தூர்ல ஏழு தடவ பாத்தனுங்க. கடைசில கேக்கறாரே ஒரு கேள்வி! 'செத்து மூணு நாளாச்சு, கையில கடியாரம் மட்டும் ஓடிட்டு இருக்குது. தெனமும் சாவி குடுத்தது யாருங்க கம்பவுண்டரே?' அவ்வளவுதானுங்க. ஆளு எந்திரிச்சுப்போட்டான்."

சின்னம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது வேற படமா இருக்குங்க."

"கடியாரக்காரன், கெழட்டு வக்கீலு, கம்பவுண்டரு. எல்லாம் அதேதானுங்க. அப்புறம் எப்புடி வேற படம்?"

"நீங்க பாத்ததுல கேட்டிருப்பாரு. எங்க படத்துல கேக்க மாட்டாரு."

"உங்க படம் எங்க படம்னு ரெண்டு இருக்குதுங்களா? அட கெரகமே! நானு தியேட்டர்ல பாத்தனுங்க அக்கா."

"தியேட்டர்ல இருட்டுங்க. எங்க ரூம்புல ஜன்னல் தொறந்திருக்கும். எங்களுக்கு நல்லாத் தெரியும்."

நஞ்சப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, சீசாவை நீட்டும்போது கொஞ்சம் தணிந்து சொன்னார்: "எதுக்கும் ஒண்ணு கேட்டு வெச்சுருங்க. கேட்டா என்ன, காசா போவுது?"

வீட்டுக்குப் போகிற வழியிலேயே டீவி ரூமுக்குப் போய் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி துடைக்கிறார். பார்க்கிறார். குதிக்கிறது. எழுகிறான். மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கேள்வி இல்லை. நஞ்சப்பனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு விளக்கேற்றப் போனாள்.

விசாரணை எஸ்டேட் ஆபீசின் பின்னறையில் நடந்தது. மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள் சின்னம்மை. உள்ளே நுழைந்ததும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூண்டு இல்லை. ஜெகதீசனை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். குற்றவாளியை உட்கார வைத்துப் பேசுகிற கோர்ட்டு உண்டா? கடைசி பெஞ்சு என்று ஒன்று இருக்கவே இல்லை. வேடிக்கை பார்க்க ஒரு ஆள் இல்லை. ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, சுவரோரம் பழைய சிப்பங்கள், தகரத்தில் மழை. விசாரணை அதிகாரி கோயமுத்தூர்க்காரர், சின்ன வயது, நல்ல மரியாதை. "உக்காருங்கம்மா, டீ சாப்புடறீங்களா?" என்று கேட்டார். அந்த மரியாதையில் அவள் இன்னும் மிரண்டாள்.

சகாயத்தை ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள், அதுவும் கதவைத் திறந்து கையைக் காட்டி. வந்து அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். டீசல் வாசனை அடித்தது. ஃபேக்டரி ஆபீசர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜெகதீசன் மாடியில இருந்தாரா?"

"இல்லைங்க."

அதிகாரி எழுதினார். அவள் பக்கம் திரும்பினார். "நீங்க இவரக் கேள்வி கேக்கலாமுங்கம்மா."

சின்னம்மை பார்த்தாள்.

வாழ்நாளில் யாரையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. இலையும், எஞ்சினும், வனிதாவின் பிள்ளைகளும், அந்த லயத்தின் இருபத்திரண்டு அடுப்பும் அந்தப் பார்வையில் இருந்தன. சகாயம் தலை குனிந்தான், நிமிர்ந்தான். அவனும் அவளையே பார்த்தான்.

"கேள்வி இருக்குதுங்களா அம்மா?"

அவள் பார்வையை எடுக்கவில்லை. ஜெகதீசன் வாயைத் திறக்கப் போனான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

"மூணாவது தடவையா கேக்கறனுங்க. ஏதாவது கேக்கோணுமுங்களா?"

மழை கொட்டிற்று. சகாயத்தின் கைகள் முழங்காலை இறுக்கிப் பிடித்தன. வருகிறது, வருகிறது என்று சின்னம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க. சகாயம், நீங்க போலாம்."

சகாயம் எழுந்தான். நாற்காலி முதுகில் தொங்கிய குல்லாவை எடுத்துக்கொண்டான். கதவைத் திறந்து மழைக்குள் போனான்.

அதிகாரி எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "குறுக்கு விசாரணை இல்லை." அப்புறம் ஜெகதீசனிடம், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஜெகதீசன் சின்னம்மையைப் பார்த்தான். இன்னும் நாள் இருக்கிறது, இது முதல் நாள்தானே, அதிகாரி மேசை டம்ளரில் தண்ணீர்கூடக் குறையவில்லை என்று அவளுக்கு எண்ணம். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "சொல்ல ஒன்றுமில்லை" என்று அதையும் எழுதினார். ஒவ்வொரு தாளிலும் ஜெகதீசன் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் அவள் பெருவிரல். மையைப் புடவையில் படாமல் சுவரில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அடுத்த வாய்தா எப்பங்கய்யா?"

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும். "வாய்தாவெல்லாம் இல்லீங்கம்மா. இவ்வளவுதானுங்க. முடிஞ்சு போச்சுங்க."

பன்னிரண்டாம் நாள் வேலைநீக்க உத்தரவு வந்தது. மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி இன்னொன்றும் வந்தது. வனிதா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர்க் குழாயில் சின்னம்மை குடத்தோடு வந்தால், தன் குடம் பாதி நிறைந்திருந்தாலும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். போகிற அன்றைக்கு மட்டும் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, தரையைக் கழுவி, வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டுப் போனாள். இனி யாரும் வரப்போகாத வீட்டுக்கு எதற்குக் கோலம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஜெகதீசன் திருப்பூரில் சாயப்பட்டறையில் சேர்ந்ததாகக் கேள்வி. முகர்ந்து பார்த்தே இலைக்குப் பதம் சொன்ன மூக்கு.

மூன்றே மாதத்தில் ஃபேக்டரியையும் மூடிவிட்டார்கள். எதற்காக அத்தனையும் நடந்ததோ அதுவும் இல்லாமல் போயிற்று. சகாயத்தை டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள், பறித்த கொழுந்தை வெளியார் ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிற வேலை.

சின்னம்மை மட்டும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டீவி ரூமுக்குப் போவதை நிறுத்தவில்லை. "படத்துல பெசகு இல்ல" என்பாள். "அந்தச் சகாயத்துக்கு மனசாட்சி இல்ல. கம்பவுண்டருக்கு இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்." யார் என்ன சொன்னாலும் அதே பதில்தான். சொல்வதற்கு ஆட்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். அந்த அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தாலே கூட்டம்.

பங்குனியில் ஒரு பகல். கொழுந்து நிறுக்கிற இடத்தில் டிராக்டர் வந்து நின்றது. அதற்கு முன்பெல்லாம் சகாயத்தைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவனும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பேசாமல் போய்விடுவான். அன்றைக்கு அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நேரே வந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு ஏங்க்கா ஒண்ணுமே கேக்கல?"

"நான் எதுக்குக் கேக்கணும்? தெரிஞ்சவன் நீதானே சொல்லணும்."

"மாடியில இருந்தாரான்னு கேட்டாங்க. இல்லன்னேன். மாடியில இல்லதானே? 'அப்ப எங்க இருந்தாரு'ன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா... எங்கிட்டதானேக்கா நின்னாரு, எஞ்சின் ஷெட்டுல, மோட்டாரப் போடுடான்னு சண்ட புடிச்சுக்கிட்டு."

"கேட்டிருந்தா சொல்லிருப்பியா?"

"சொல்லணும்னுதாங்க்கா மாதா கோயில்ல முட்டி போட்டுட்டு வந்தேன். வேல போனாப் போவுதுன்னு வீட்டுல ரோஸ்மேரிகிட்டக்கூடச் சொல்லிட்டுத்தான் பொறப்பட்டேன். ஆனா நானா எப்படிக்கா சொல்ல? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு சொல்லி உள்ள விட்டாங்க. ஆபீசரு எதுக்க நிக்கிறாரு. நீங்க கேட்டா சொல்லித்தானே ஆகணும்? கேப்பீங்க, கேப்பீங்கன்னு உங்க மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க என்னையே பாத்துக்கிட்டிருந்தீங்க."

சின்னம்மை தலைச்சுமையை இறக்கி வைத்தாள். மூட்டையின் கட்டு அவிழ்ந்து கொழுந்து கொஞ்சம் தரையில் சிந்திற்று. அதை அவள் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்து, தன் வாயில் தானே ஓங்கி அடித்தாள். "அக்கா, அக்கா" என்று சகாயம் மூட்டையைத் தாண்டி வருவதற்குள் இன்னொன்று.